எட்டாவது தொட்டி

எங்கள் பள்ளி நூலகத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் எட்டு மண்தொட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. பெற்றோர் சந்திப்பு நாளன்று அவ்வழியே வருகின்றவர்கள், "இதென்ன அதிசயம்! தொட்டியில் மண்ணே இல்லையே; கரித்துண்டும் செங்கல் துண்டும் அல்லவா கிடக்கின்றன!" என்று வியந்து நிற்பார்கள். ஆர்க்கிட் செடிக்கு மண் வேண்டியதில்லை என்று நாங்கள் மகிழ்ச்சியோடு விளக்கம் சொல்வோம். அவர்களுள் சிலர் வரிசையின் கடைசிக்குப் போய், "எட்டாவது தொட்டி மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறது?" என்று கேட்பார்கள். அப்போது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அந்தக் கேள்விக்கு உரிய விடையை இந்த ஆண்டுமலரில் எழுதிவிடுவது என்று ஆறு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

நாங்கள் ஆறு பேர். தாம்பரம், சேலையூர், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், முடிச்சூர் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வருகிறோம். ஆகவே எங்களுக்குள் ஊர்ப்பெயரே செல்லப்பெயராகிவிட்டது. 2023ஆம் ஆண்டு நாங்கள் எட்டாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், எங்கள் அறிவியல் சிஸ்டர் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். ஏதோ விழாவில் அவர்களுக்குப் பரிசாக வந்த டென்ட்ரோபியம் செடி அது. பூவெல்லாம் உதிர்ந்து, கரும்புக் குருத்துப்போல் நாலைந்து தண்டுகள் மட்டும் நின்றன. "பிள்ளைகளே, இது செத்துவிட்டதா, தூங்குகிறதா? கண்டுபிடிக்க யாருக்கு ஆசை?" என்று கேட்டார்கள். ஆறு கைகள் உயர்ந்தன. எங்கள் ஆர்க்கிட் குழு பிறந்த கதை இவ்வளவுதான்.

ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு மேலும் நான்கு சிறு செடிகள் வாங்கினோம். மல்லிகைச் செடிக்கு ஊற்றுவதுபோல் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினோம். செடியின்மேல் எங்களுக்கு இருந்த அன்பு முழுவதும் தண்ணீராகப் போய்ச் சேர்ந்தது. மூன்றே மாதத்தில் மூன்று செடிகள் அழுகிச் செத்தன. வேரைத் தொட்டால் பழைய சோறுபோல் குழைந்து கையோடு வந்தது. சேலையூர் அன்று அழுதேவிட்டாள்.

அப்போதுதான் தோட்டக்காரத் தாத்தா எங்களுக்கு ஆசிரியரானார். "பாப்பா, இது மரத்து மேலே இருக்கிற சாதி. காத்துதான் இதுக்குச் சோறு. வேரைப் பாரு. வெள்ளையா இருந்தா தாகம். பச்சையா இருந்தா வயிறு நிறைஞ்சிருக்கு. நிறைஞ்ச வயித்துக்கு மேலேயும் ஊட்டினா யாருக்குத்தான் ஒத்துக்கும்?" என்றார். தாவரவியல் பாடத்தில் வேர்களின் மாற்றுருக்கள் என்ற பகுதியில் 'வாண்டா' என்ற பெயரை நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம். தொற்றுத்தாவரத்தின் வேரைச் சுற்றி வேலமன் என்னும் பஞ்சுபோன்ற உறை உண்டு, அது பனியையும் மழையையும் உறிஞ்சும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். அந்த வேலமன்தான் எங்கள் கண்முன்னே வெள்ளையாகவும் பச்சையாகவும் மாறிக்கொண்டிருந்தது என்பது தாத்தா சொன்ன பிறகே விளங்கியது.

அன்றிலிருந்து முறையாக வேலை நடந்தது. தொட்டியின் பக்கங்களில் துளையிட்டு, அடியில் செங்கல் துண்டும், அதன்மேல் அடுப்புக்கரியும், ஓரத்தில் தேங்காய் மட்டைத் துண்டும் வைத்தோம். தாழ்வாரத்தின் மேற்குப் பக்கத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டினோம். எங்கள் கிணற்றுநீர் உப்பு. கரியின்மேல் வெள்ளை வெள்ளையாய்ப் படிவதைப் பார்த்து, மாடியிலிருந்து இறங்கும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து அதையே ஊற்றினோம். உரத்தை மிகக் குறைவாகக் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தோம். இரவில் வரும் நத்தைகளைக் காலையில் பொறுக்கி அப்புறப்படுத்துவது குரோம்பேட்டையின் வேலை. அவளைத் தவிர வேறு யாரும் அதற்கு முன்வரவில்லை.

மிஞ்சிய இரண்டு செடிகளுக்கும் பெரிய சோதனை வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, வார இறுதி முறைப்படி இரண்டு தொட்டிகளும் முடிச்சூரின் வீட்டில் இருந்தன. இரவோடு இரவாக வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. குடும்பத்தார் மாடி வீட்டுக்கு ஏறினார்கள். அவள் இரண்டு கையிலும் இரண்டு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறியதைக் கண்டு, "புத்தகமெல்லாம் தண்ணியிலே போகுது, செடியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறியேடி!" என்று அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார்களாம். புத்தகங்கள் போகத்தான் போயின. பள்ளி திறந்ததும் மற்ற ஐந்து பேரும் பாடங்களைப் பங்கிட்டுக்கொண்டு அவளுக்குக் குறிப்பேடுகளை எழுதிக் கொடுத்தோம். செடி வளர்க்கக் கூடியவர்கள் தோழிகளானது அந்த வாரத்தில்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளி விட்டபின் அரைமணி நேரம் எங்கள் கூட்டம் நடக்கும். நீர் ஊற்றும் முறையைச் சரிபார்த்தபின் ஒருவர் ஆர்க்கிட் பற்றிய ஒரு கதை சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் தேசிய மலர் ஓர் ஆர்க்கிட். ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் பெண்மணியின் தோட்டத்தில் பிறந்து, 1893இல் உலகுக்கு அறிமுகமாகி, 1981இல் தேசிய மலரானது என்று பல்லாவரம் சொன்னாள். தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் என்னும் மருத்துவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள். வைட் நன்றி மறவாமல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்னாளில் அந்தச் செடியை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றாலும், ஓவியரின் பெயர் தாவரவியல் நூல்களில் நிலைத்துவிட்டது. இதைப் பெருங்களத்தூர் சொன்னாள். எங்கள் தாம்பரத்துக்கே சொந்தமான கதையும் ஒன்று உண்டு. 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இங்கே இடம் மாறி வந்தபோது, எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் வேதியியல் பேராசிரியரும் அவருடைய துணைவியார் ஆலிசும் அந்த வளாகத்தில் மரம் வளர்ப்பதில் பெரும்பங்கு கொண்டார்கள். இன்றைக்கும் மின்சார ரயிலில் போகும்போது அந்தப் பசுமையைக் கண்டு நாங்கள் மகிழ்கிறோம்.

எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைத் தொட்டது எட்மண்ட் அல்பியஸ் என்னும் சிறுவனின் கதை. ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான். மெக்சிகோ நாட்டுக் கொடியாகிய அதை ரீயூனியன் தீவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. 1841ஆம் ஆண்டு, அடிமையாக இருந்த எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவின் உள்ளே இருந்த சிறு மடிப்பைத் தூக்கி, மகரந்தத்தைச் சூலகமுடியில் சேர்த்துக் காட்டினான். இன்றுவரை வனிலாத் தோட்டங்களில் கையால் மகரந்தம் சேர்ப்பது அவன் காட்டிய வழியில்தான். தோட்டக்காரர்கள் செல்வந்தர் ஆனார்கள். எட்மண்ட் 1880இல் வறுமையிலேயே இறந்தார். "கண்டுபிடித்தவருக்கு ஒன்றுமில்லை, எடுத்துக்கொண்டவர்களுக்கு எல்லாம்" என்று தாம்பரம் கோபத்தோடு சொன்னாள். நாங்கள் எல்லாரும் ஆமென்று தலையாட்டினோம். அந்தத் தலையாட்டலைப் பின்னர் பலமுறை நினைத்து வெட்கப்பட்டோம்.

2024 செப்டம்பரில் எங்களுக்குப் பெரிய பாக்கியம் கிடைத்தது. சிஸ்டர் கொடுத்த அந்த முதற்செடி, தூங்கி எழுந்ததுபோல் ஒரு பூந்தண்டு விட்டது. ஒவ்வொரு நாளும் மொட்டுகளை எண்ணினோம். பதினொன்று. மாதாவின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 8 நெருங்கியபோது முதல் ஐந்து மொட்டுகள் ஊதா நிறத்தில் விரிந்தன. தண்டை வெட்டிப் பீடத்தில் வைக்கலாம் என்று நாங்கள் சொன்னோம். சிஸ்டரோ, "எதற்கு வெட்ட வேண்டும்? தொட்டியோடு கொண்டுபோய் லூர்து கெபியில் வையுங்கள். மாதா பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்" என்றார்கள். அப்படியே வைத்தோம். அந்தப் பூக்கள் ஒரு மாதத்துக்கு மேல் வாடாமல் இருந்தன.

அதே செடியில் பூவுக்குப் பதிலாகக் கணுக்களில் குட்டிச்செடிகளும் முளைத்தன. உரம் கொஞ்சம் கூடிப்போனால் இப்படி நேரும். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள்படும் 'கெய்கி' என்ற சொல்லால் உலகெங்கும் இவற்றை அழைக்கிறார்கள். வேர் இரண்டு அங்குலம் வளர்ந்தபின் மூன்று கெய்கிகளைப் பிரித்துத் தனித்தனியே வைத்தோம். மேலும் இரண்டு செடிகளை வாங்கினோம். எங்கள் வரிசை ஏழானது.

இனி எட்டாவது தொட்டி.

2025 சனவரியில் ஒன்பதாம் வகுப்பு மாணவியரைக் கல்விச் சுற்றுலாவாக ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப்பேர் தலைசுற்றிப் படுத்துவிட, நாங்கள் ஆறு பேர் மட்டும் சன்னலோரம் மரக்கிளைகளையே பார்த்துக்கொண்டு சென்றோம். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்கா அங்கே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம்; குளிர்ந்த காற்று; வரிசை வரிசையாகத் தொட்டிகள். பெரும்பாலானவை பூக்காத காலம். ஆயினும் இலையையும் வேரையும் பார்த்தே எங்களுக்கு நேரம் போதவில்லை.

அங்கே நின்றுகொண்டு சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார்கள். நம் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. பேபியோபெடிலம் ட்ரூரி என்று பெயர். காலணி போன்ற வடிவில் மஞ்சள் நிறப் பூ. அதன் அழகுக்காகவே ஆர்வலர்களும் வணிகர்களும் வேரோடு பறித்துப் பறித்து, காட்டில் காண்பதே அரிதாகிவிட்டது. "ஆர்க்கிட்டின் ஒரே காயில் தூசுபோல் லட்சக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் அந்த விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது. விழுந்த இடத்தில் அதற்கு ஏற்ற பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளைக்கும். லட்சத்தில் ஒன்று பிழைத்து, மரத்தில் பற்றி, பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். பறிக்க ஒரு நிமிடம் போதும்" என்றார்கள். நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

அன்று பிற்பகல் ஒரு காப்பித் தோட்டத்து ஓரம் பேருந்துக்காகக் காத்திருந்தோம். நிழல்மரம் ஒன்றின் தாழ்ந்த கிளையில், எங்கள் கைக்கு எட்டும் உயரத்தில், பாசிக்கு நடுவே ஒரு சிறிய ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருந்தது. உருண்டையாய் நாலைந்து குமிழ்த்தண்டுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சோடி இலை. காட்டில் தானாக வளர்ந்த ஆர்க்கிட்டை வாழ்க்கையிலே முதன்முதலாக அப்போதுதான் பார்த்தோம். ஒருத்தி அதைப் பறித்தாள். ஒருத்தி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பிடித்தாள். மூவர் மறைத்து நின்றார்கள். ஒருத்தி சிஸ்டர் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். யார் எதைச் செய்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆறு பேரும் செய்தோம்.

பறிக்கும்போது வேர்கள் மரப்பட்டையை விட்டு எளிதில் வரவில்லை. சரசரவென்று கிழிந்துகொண்டு வந்தன. அந்தச் சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

தாம்பரம் வந்தபின் அதைப் பள்ளித் தாழ்வாரத்தில் வைக்க எங்களுக்குத் துணிவில்லை. சேலையூரின் வீட்டுக் குளியலறைச் சன்னலில் ஒளித்து வைத்தோம். அதன் பெயரை அறிய நூலகத்துப் புத்தகங்களைப் புரட்டினோம். பூவைக் காணாமல் ஆர்க்கிட்டின் பெயரைச் சொல்வது கடினம் என்று தெரிந்துகொண்டோம். பிப்ரவரி முடிவில் வெயில் ஏறியது. இலைகள் மஞ்சளாயின. ஏற்காட்டுக் குளிரை உண்டாக்குவதற்காக இரவில் ஒரு தட்டில் பனிக்கட்டியை வைத்து அதன் அருகே தொட்டியை வைத்தோம். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கதை சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

மார்ச் மாதம் தவக்காலம் தொடங்கியது. எங்களுள் மூவர் கத்தோலிக்கர். அவர்கள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்றார்கள். மற்ற மூவரில் இருவர் இந்துக்கள், ஒருவர் இஸ்லாமியர். "நீங்கள் மூவரும் சொல்லிவிட்டால் உங்கள் மனப்பாரம் இறங்கிவிடும். நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று பெருங்களத்தூர் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலை வழிபாட்டுக்குமுன், ஆறு பேரும் அந்தத் தொட்டியோடு சிஸ்டரின் அறைவாசலில் போய் நின்றோம்.

சிஸ்டர் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். திட்டவில்லை. செடியைத் திருப்பி வேரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்கள். பிறகு, "முதல் வருடம் மூன்று செடிகள் செத்தன. அது தெரியாமல் செய்தது. நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னேனா? இது தெரிந்து செய்தது, பிள்ளைகளே" என்றார்கள். பல்லாவரம், "சிஸ்டர், நம் மற்றச் செடிகளும் எங்கேயோ காட்டிலிருந்து வந்தவைதானே?" என்று மெல்லக் கேட்டாள். சிஸ்டர் தலையசைத்து மறுத்தார்கள். 1922ஆம் ஆண்டு லூயிஸ் நட்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின் துணையின்றியே ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைத்ததையும், அதன்பின் ஆய்வகக் குப்பிகளில் ஆயிரக்கணக்கில் செடிகளை வளர்க்கும் வழி பிறந்ததையும் விளக்கினார்கள். "உங்கள் ஏழு தொட்டிகளும் குப்பியில் பிறந்த செடிகளின் வழிவந்தவை. எந்தக் காட்டையும் கொள்ளையடித்து வந்தவை அல்ல. இது ஒன்றுதான் அப்படி வந்தது."

பிறகு இரண்டு வேலைகளைக் கொடுத்தார்கள். முதலாவது, அந்தத் தோட்டத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது. உரிமையாளரின் பெயர் தெரியாததால், வாயிற்பலகையில் பார்த்த தோட்டத்தின் பெயரைப் போட்டு, ஆறு பேரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். இரண்டாவது வேலைதான் கடினமானது. "ஒளித்து வைத்ததால் அதற்குக் காற்றுகூட இல்லை. மற்றத் தொட்டிகளோடு வெளியே தொங்கவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி மாட்டுங்கள்" என்றார்கள். எங்கள் சீட்டில் எழுதியது இது: "பெயர் தெரியாது. ஏற்காடு. 2025 சனவரியில் நாங்கள் பறித்தது."

முதல் வாரம் தாழ்வாரத்தின் பக்கம் போகவே கூசியது. சிறிய வகுப்புப் பிள்ளைகள் சீட்டைப் படித்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள். தோட்டக்காரத் தாத்தா அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாமாகவே ஈரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து அந்தத் தொட்டியைச் சுற்றித் தொங்கவிட்டார். "காத்து இப்ப கொஞ்சம் குளுமையா வரும் பாப்பா. முடிஞ்ச மட்டும் பார்ப்போம்" என்றார். கோடை விடுமுறையிலும் முறைவைத்து நாள்தோறும் ஒருவர் வந்தோம். கத்திரி வெயிலில் பேருந்து ஏறி வருவதற்கு வீட்டில் பேச்சு வாங்கினோம். ஒரு குமிழ் சுருங்கியது, பிறகு இரண்டு. மே மாதம் மூன்றாம் வாரத்தில் கடைசி இலையும் விழுந்தது. பூவைக் காணாமலே போய்விட்டபடியால் அதன் பெயரும் எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

சூன் மாதம் பத்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தோம். இறந்த செடியை எடுத்துவிட்டோம். தொட்டியையும் சீட்டையும் எடுக்கவில்லை. கடிதத்துக்குப் பதில் இதுவரை வரவில்லை. ஆயினும் அலுவலகத்துப் பக்கம் போகும்போதெல்லாம் தபால் தட்டை ஒருமுறை பார்த்துவிட்டே வருகிறோம்.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்பிலிருந்தும் ஏழாம் வகுப்பிலிருந்தும் ஒன்பது தங்கைகள் எங்கள் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நாங்கள் சொல்வது எட்டாவது தொட்டியின் கதையைத்தான். கதையைக் கேட்டபின் ஒவ்வொருவருக்கும் ஒரு கெய்கி தருகிறோம். அவர்களுள் ஒருத்தி, "அக்கா, தொட்டி சும்மாதானே இருக்கிறது? அதில் வேறே நல்ல செடி ஒன்று வைக்கலாமே?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நாங்கள் ஆறு பேரும் அதைப்பற்றி இரண்டு கூட்டங்களில் பேசினோம். வைக்கலாம் என்று மூவரும் வேண்டாம் என்று மூவரும் சொன்னோம். சிஸ்டரிடம் கேட்டோம். "தொட்டி உங்களுடையது. நீங்களே தீர்மானியுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருக்கும்வரை அப்படியே இருக்கட்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். பின்னால் வருகிறவர்கள் அவர்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யட்டும்.

அரசுத் தேர்வு நெருங்கிவிட்டது. அதற்குமுன் நீர் ஊற்றும் முறைப்பட்டியலைத் தங்கைகளிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய பட்டியலைச் சென்ற வாரம் எழுதி முடித்தோம். ஒன்று முதல் ஏழு வரையுள்ள தொட்டிகளுக்கு எதிரே நீர் ஊற்றும் நாள், உரம் தெளிக்கும் நாள், நத்தை பார்க்கும் நாள் எல்லாம் குறித்திருக்கிறோம். எட்டாம் எண்ணுக்கு எதிரே, "சீட்டைப் படிக்கவும்" என்று எழுதியிருக்கிறோம்.

 

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, ஆர்க்கிட் குழுவினருக்காக